திரும்பி வராத வெள்ளி
அத்தியாயம் 9: நிரப்பாமல் விட்ட கட்டம்

சென்ற வாரம், மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைத் திறந்து, அதிலுள்ள ஒரு வரியின் மேல் விரலை வைத்தபடி நிறுத்தியிருந்தேன். அந்த வரியை இன்று படித்துவிடுவோம். ஆனால் அது ஏன் என்னை இத்தனை நாள் உறுத்துகிறது என்பது புரிய, முதலில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகம். அட்டையில் மூன்று ஐந்துகள் அச்சிட்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை ‘புக்கு தீகா லீமா’ என்பார்கள். தோட்டத்துக் கடைக்காரரிடம் ஒன்று, நம் வீட்டில் ஒன்று. அரிசி, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று வாங்கிய நாளிலேயே எழுதிவிடுவார்கள், காசு சம்பளத்தன்று. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துவிட்டு வந்து, அந்தப் புத்தகத்தைக் கூட்டிப் பார்ப்பார். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கணக்கு மட்டும் பிசகாது. சம்பளத்தன்று கிராணியார் மேசையிலிருந்து நேராகக் கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒரு நீண்ட கோடு போட்டுப் பக்கத்தை அடிப்பார். அந்தக் கோடு விழும்போது அம்மா மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

பாக்கி நின்றால் அது எங்கள் பாக்கி. தாமதம் எங்களுடையது, வெட்கமும் எங்களுடையது. தவணை தப்பினால் அடுத்த மாதம் கடைக்காரரின் முகம் மாறிவிடும். லயத்தில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார் என்பதில் இரு பக்கமும் ஒளிவுமறைவு கிடையாது. கடைக்காரரின் பெயர், வீடு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி எல்லாமே எங்களுக்குத் தெரியும்.

இதை ஒரு பொற்காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. புத்தகத்தில் கூடுதலாக எழுதப்பட்ட கட்டி சவர்க்காரங்கள் எத்தனையோ. வேறு கடை இல்லாத இடத்தில் ஒரே கடைக்காரர் வைத்ததுதான் விலை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சம்பளத்தை இன்ன இடத்தில், இன்னாரிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை வைத்தால் அது செல்லாது என்கிறது. தொழிலாளியின் காசு அவன் கைக்கு வந்த பிறகும் அதைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சரக்கு முதலில் வந்தது, காசு பிறகு போனது. அந்த வரிசை தலைகீழானதுதான் இந்தத் தொடரின் கதை.

1877ஆம் ஆண்டுக்கு மறுபடியும் போவோம். முதல் அத்தியாயத்தில் சொன்ன அதே ஆண்டு. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து, பேராக் ரெசிடென்ட் ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் வேர் பிடித்தன. நம் பாட்டன்மாரை இந்த மண்ணுக்கு இழுத்துவந்த மரம் அது. அதே 1877இல்தான் இந்தியாவில் அஞ்சல்துறை வி.பி.பி. முறையைத் தொடங்கியது. தபால்காரர் பார்சலோடு வாசலில் நிற்பார். காசைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். முகம் தெரியாத வியாபாரியும் முகம் தெரியாத வாடிக்கையாளரும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய தேவையே இல்லாமல், நடுவில் ஓர் ஆள் நின்றார். தூரத்து வியாபாரத்தின் ஆதிக் கேள்வி, முதலில் கையை நீட்டுவது யார் என்பது. அதற்கு அந்தக் காக்கிச் சட்டைக்காரர்தான் பதில்.

பார்சல் போலவே சட்டமும் வங்கக் கடலைத் தாண்டி வந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி 1899இல் பேராக்கிலும் மற்றக் கூட்டு மலாய் மாநிலங்களிலும் ஒப்பந்தச் சட்டம் வந்தது. பிறகு 1950இல் மலாய் மாநிலங்கள் அனைத்துக்கும் ஒன்றானது. இன்றும் அதுதான் நம் சட்டம். அதன் 66ஆம் பிரிவு எளிமையானது: ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போனால், அதனால் பலன் பெற்றவர் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களுக்கும் இந்தச் சட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே பூர்வீகம்.

ஆக, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட நியாயம். ஆனால் நாற்பது வெள்ளிக்காக யார் ஈப்போ நீதிமன்றப் படியேறுவார்கள்? வக்கீலுக்குக் கொடுப்பது நாற்பதைவிட அதிகம். ஒரு நாள் மரம் வெட்டப் போகாவிட்டால் அன்றைய கூலி போயிற்று. உரிமை ஏட்டில் இருந்தது. அதை எட்டிப் பிடிக்க ஏணி இல்லை.

ஏணி செய்தவர்களைப் பற்றி ஆறாம், ஏழாம் அத்தியாயங்களில் விரிவாகவே எழுதிவிட்டேன். இங்கே பெயர்கள் மட்டும். 1965இல் சிலாங்கூரில் ஒரு பயனீட்டாளர் சங்கம். 1969இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019இல் மறையும் வரை அதன் முகமாக இருந்தவர் எஸ்.எம்.முகமது இத்ரிஸ். 1973இல் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபோம்கா. அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் தலைவராக இருந்த அன்வார் ஃபசால் முன்வைத்த யோசனையின்படி, 1983 மார்ச் 15 அன்று முதல் உலகப் பயனீட்டாளர் உரிமை நாள் கொண்டாடப்பட்டது. பினாங்கில் கிளம்பிய ஒரு குரல் உலகத்தின் நாட்காட்டியில் ஒரு தேதியைப் பிடித்தது. 1986இல் இந்தியா தன் சட்டத்தை நிறைவேற்றியது. நாம் இன்னும் 13 ஆண்டு காத்திருந்தோம்.

1999 நவம்பர் 15. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு பிறந்தது பயனீட்டாளர் நடுவர் மன்றம். அம்மாவின் காலத்தில் இது இருந்திருந்தால் என்று நான் ஏங்காத நாள் இல்லை. கட்டணம் ஐந்து வெள்ளி. வக்கீல் வேண்டாம், வேண்டாம் என்பது மட்டுமல்ல, பொதுவாக வக்கீல் வாதாடவே இடமில்லை. எதிரே எவ்வளவு பெரிய நிறுவனம் இருந்தாலும் அதன் ஆள் தானே வந்து பேச வேண்டும். தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரை கோரலாம். 2003இல் அது 25,000 ஆயிற்று, 2019இல் 50,000. முடிந்தவரை, விசாரணை தொடங்கிய 60 நாளுக்குள் தீர்ப்பு. தீர்ப்புக்குப் பிறகு 14 நாளுக்குள் கட்டுப்படாதவர் குற்றவாளி. இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் போகலாம்.

இப்போது அந்த வரி.

சட்டம் யாருக்கு, எதற்குப் பொருந்தாது என்று இரண்டாம் பிரிவு ஒரு பட்டியல் போடுகிறது. பங்குகள், நிலம், மருத்துவச் சேவை என்று போய், கடைசியில் ‘ஜி’ என்ற உட்பிரிவு. அமைச்சர் வேறுவிதமாக விதித்தாலொழிய, மின்னியல் வழியாக நடக்கும் வியாபாரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அதற்கு மூன்று ஆண்டுக்கு முன், 1996இல்தான் மல்டிமீடியா பெருவழித் திட்டத்தை அரசு அறிவித்திருந்தது. 1997இல் மின்னியல் கையொப்பச் சட்டம் வந்தது. நாடே கணினியை நோக்கி ஓடச் சொல்லப்பட்ட நேரம். அந்த நேரத்தில், கணினி வழியே காசைக் கொடுத்து ஏமாறுபவரை மட்டும் வேலிக்கு வெளியே நிறுத்தியது அந்த ஒற்றை உட்பிரிவு. ஈப்போ கடைத்தெருவில் வாங்கிய ஓட்டைக் குடத்துக்கு நியாயம் உண்டு. அதே குடத்தைத் திரையில் பார்த்து வாங்கினால் கிடையாது. புதிய வியாபாரம் முளைக்கும்போதே நசுங்கிவிடக் கூடாது என்று எண்ணினார்களோ என்னவோ. எண்ணம் எதுவானாலும் பாரம் சுமந்தவர் வாங்கியவர்தான்.

அது ஏறக்குறைய எட்டு ஆண்டு நீடித்தது. 2006 அக்டோபரில் மின்வணிகச் சட்டம் வந்து, திரையில் செய்யும் ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்றது. 2007 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் ‘ஜி’ உட்பிரிவை நீக்கியது. அன்றிலிருந்து இணையத்தில் வாங்கியவரும் ஐந்து வெள்ளியோடு நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

போகலாம் என்பது ஒன்று. போனால் என்ன ஆகும் என்பது வேறு. அதை நானே கற்றுக்கொண்டேன்.

ஒரு தீபாவளிக்கு முன், அம்மாவுக்காக மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 389 வெள்ளி. டெபிட் அட்டையில் கட்டிய நொடியிலேயே கணக்கிலிருந்து காசு போய்விட்டது. பொருள் வரும் தேதி தள்ளித் தள்ளிப் போய்த் தீபாவளியைத் தாண்டியது. அனுப்புவதற்கு முன்பே ரத்து செய்தேன். ரத்தை ஏற்றுக்கொண்டதாக அன்றே செய்தி வந்தது, 14 வேலை நாளில் பணம் திரும்பும் என்ற வரியோடு. பதினான்கு போயிற்று. முப்பது போயிற்று. கேட்டால், “நாங்கள் அனுப்பிவிட்டோம், உங்கள் வங்கியைக் கேளுங்கள்.” வங்கியைக் கேட்டால், “எங்களுக்கு எதுவும் வரவில்லை.”

இந்த இடத்தில் பலர் களைத்து விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். அட்டையில் கட்டிய காசு திரும்பும் பாதை நீளமானது: கடை, அதற்குக் கட்டணம் வசூலித்துத் தரும் நிறுவனம், கடையின் வங்கி, அட்டை நிறுவனத்தின் வலைப்பின்னல், பிறகு நம் வங்கி. ஒவ்வொரு படியிலும் உள்ளவர் அடுத்தவரைக் கைகாட்ட முடியும். ஆனால் கடை உண்மையிலேயே அனுப்பியிருந்தால் அந்தப் பாதையில் ஒரு தடம் விழும்: 23 இலக்கக் குறிப்பு எண். அந்த எண்ணைக் கொடுத்தால் நம் வங்கி காசைத் தேடிப் பார்க்க முடியும். நான் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை என் செய்தியைப் பார்த்ததற்கான நீலக் குறி மட்டும் விழுந்தது.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கடைக்காரன் யாருடா? பேரு என்னா?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

காசு போன நாளிலிருந்து அந்த நிமிடம் வரை நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. மூன்று ஐந்து புத்தகத்தோடு வாழ்ந்தவருக்கு அதுதான் முதல் கேள்வி. பக்கத்தை வாழ்நாளெல்லாம் தவணை தப்பாமல் அடிக்க வைத்தவர் அவர். இப்போது தாமதம் இடம் மாறிவிட்டது. பாக்கி வைத்திருப்பது கடை. ஆனால் அதன் முகம் மாறவில்லை, ஏனென்றால் அதற்கு முகமே இல்லை.

மறுநாள் வேலைக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, உரிமை கோரும் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். ‘போராங் 1’. என் பெயர், அடையாள அட்டை எண், புந்தோங் முகவரி, தொகை, நடந்தது என்ன. விறுவிறுவென்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. எதிர்த்தரப்பின் பெயர், பதிவு எண், முகவரி. என்னிடம் இருந்தது பளபளப்பான ஒரு கடைப் பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும்தான். அறிக்கையை யாருக்கு அனுப்புவது? யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

இதற்காகத்தான் 2012ஆம் ஆண்டின் மின்னியல் வணிக விதிகள் வந்திருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவை நடப்பில் இருந்த 2013 ஜூலை 1 முதல் 2024 வரை, இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, அனுப்பும் செலவு சேர்ந்த முழு விலை, வந்து சேரும் காலம் ஆகியவற்றைப் பக்கத்திலேயே காட்ட வேண்டியிருந்தது. பிறருக்குக் கடை விரிக்க இடம் தரும் சந்தைத் தளங்கள், அங்கே விற்பவர்களின் விவரத்தை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. மீறுவது குற்றம். படிக்கும்போது வறட்டு அலுவலகப் பட்டியல் மாதிரி இருக்கும். எனக்கு அது அம்மாவின் கேள்விக்கு அரசு எழுதிய பதிலாகத் தெரிந்தது.

மின்னஞ்சலில் வந்த ரசீதை மறுபடி திறந்தேன். விளம்பரப் படங்களையும் நன்றி வாசகத்தையும் தாண்டி, சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தட்டுப்படாத பொடி எழுத்தில் ஓர் எண் இருந்தது. 12 இலக்கம். 2019 முதல் மலேசிய நிறுவன ஆணையம் கொடுத்துவரும் பதிவு எண்ணின் வடிவம். ஆணையத்தின் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டினால் அந்த எண்ணுக்கு உரியவரின் விவரம் கிடைக்கும். கட்டினேன். அம்மா பின்னால் வந்து நின்று, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பக்கம் திறந்தது. கடையின் பெயர். உரிமையாளரின் பெயர். கீழே, சரக்குக் கிடங்கின் முகவரி: கோலாலம்பூர் இல்லை, சீனா இல்லை, பேராக். தொழிற்பேட்டை ஒன்றின் மனை எண். அதற்கடுத்து சாலையின் பெயர்.

அந்தச் சாலைப் பெயரை நான் வாய்விட்டுப் படித்ததும், நாற்காலியைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. செம்பனைக்காக வெட்டி, பிறகு தொழிற்பேட்டைக்காகத் தள்ளி, இருபது ஆண்டுக்கு முன் எங்களை லயத்திலிருந்து இறக்கிவிட்ட தோட்டத்தின் பெயர் அது.

“வண்டிய எடு” என்றார் அம்மா. “அந்த எடம் எனக்குத் தெரியும்.”

(தொடரும்)