டெம்போ வந்த வழி

சாரல் விழத் தொடங்கிவிட்டால் இலத்தூர் விலக்கைத் தாண்டிக் குற்றாலத்துக்குப் போகும் வேன்களுக்குக் கணக்கே இல்லை. ஐந்தருவியில் துண்டைப் பிழிந்துகொண்டு நிற்பவரிடம் எதில் வந்தீர்கள் என்று கேளுங்கள். "டெம்போ பிடிச்சு வந்தோம்" என்பார். டெம்போ என்பது ஒரு ஜெர்மன் கம்பெனியின் வண்டிப்பெயர். அதிலும், முதலில் அது மூன்று சக்கர வண்டி.

'காலம்' என்னும் பொருளுள்ள இத்தாலியச் சொல் இது. லத்தீனின் டெம்புஸ் அதன் தாய். ஜெர்மானியர் வாயில் அது 'வேகம்' ஆயிற்று. ஹாம்பர்க்கின் விடால் கம்பெனி 1920களிலேயே தன் சிறு சுமைவண்டிகளுக்கு அந்தப் பெயரை வைத்தது. பின்னர் போரில் நொறுங்கிய நாட்டில் கடைக்காரருக்கும் காய்கறி வியாபாரிக்கும் மலிவாக ஒரு வண்டி வேண்டியிருந்தது. 1949இல் வந்த டெம்போ ஹான்சியாட் அதற்கென்றே செய்தது போல் இருந்தது. சுமார் 400 சிசி எஞ்சின் ஒற்றை முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். சங்கிலி போட்டு அந்தச் சக்கரத்தையே சுழற்றும். ஸ்டீயரிங்கை வளைத்தால் சக்கரத்தோடு எஞ்சினும் சேர்ந்து திரும்பும். இவ்வளவு சிக்கனமான அமைப்பை நான் வேறெந்த வண்டியிலும் கண்டதில்லை.

ஜெர்மனியில் 1956இல் ஹான்சியாட் நின்றுபோனது. இங்கே 1958இல் ஃபிரோடியா என்பவர் தொடங்கிய பஜாஜ் டெம்போ கம்பெனி அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. 1960களில் விடால் கம்பெனி ஹனோமாக் என்ற இன்னொரு கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு அந்த ஊர்ச் சாலைகளிலிருந்து டெம்போ என்ற பெயரே மறைந்துவிட்டது. இந்தியாவிலோ அந்த மூன்று சக்கர வண்டி பல பத்தாண்டுகள் ஓடியது.

பெயர் வண்டியை விட்டு இறங்கியது இங்கேதான். 1980களின் கடைசியில் டெம்போ டிராவலர் வந்தது. மெர்சிடிஸ் வேனைப் பார்த்துச் செய்த அதற்கும் மூன்று சக்கரத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டுமில்லை, உறவுமில்லை. தமிழர் பின்பாதியை வெட்டிவிட்டு டெம்போ என்றே கூப்பிட்டார்கள். டெம்போக்காரர், டெம்போ ஸ்டாண்ட் என்று சொல் கிளைவிட்டது. குமரிப் பக்கம் இன்றும் சரக்கேற்றும் சின்ன லாரிதான் டெம்போ. 'படத்தில் டெம்போ குறையவில்லை' என்கிறோமே, அது ஆங்கிலம் வழியாக வந்த உடன்பிறப்பு.

2005இல் பஜாஜ் டெம்போ கம்பெனி தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு டாடா ஏஸ் வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயர் வைத்தார்கள். சரக்கு பெரும்பாலும் குட்டியானைக்குப் போயிற்று. டெம்போவில் ஆட்கள் ஏறிக்கொண்டார்கள்.