எதிர்காலத்தின் எழுத்தும் ஊட்டியின் பிலிமும்

விண்கலம், கணினி, ரோபோ என்று எதிர்காலத்தைக் காட்டும் ஆங்கிலப் படங்களில் ஒருவகை எழுத்தை அடிக்கடி பார்க்கலாம். அகலமாக, சதுரமாக, அலங்காரம் ஏதுமின்றி இருக்கும். 'ஓ' எழுத்துகூட வட்டமாக இராது. பழைய டி.வி. திரையைப் போல மூலை மழுங்கிய பெட்டியாக இருக்கும். இதன் பெயர் யூரோஸ்டைல்.

இதன் தாய் எழுத்துரு மைக்ரோகிராம்மா. இத்தாலியின் டூரின் நகரில் இருந்த நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்படச் சாலைக்காக, அலெசாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நொவாரெசேயும் 1952-ல் உருவாக்கியது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1962-ல் நொவாரெசே சிறிய எழுத்துகளையும் சேர்த்து யூரோஸ்டைலை வெளியிட்டார். 1968-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் கணினித் திரைகளில் இது இடம்பெற்றது. அதன்பின் எதிர்காலம் என்றாலே இந்த எழுத்துதான் என்றாகிவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், இந்த எதிர்கால எழுத்து பிறந்தது பழைய ஈய அச்சில். அப்போதே அச்சுத்தொழில் மாறத் தொடங்கியிருந்தது. ஈயத்தை உருக்கி வார்ப்பதற்குப் பதிலாக, ஒளியைப் பாய்ச்சி எழுத்தைப் பிலிமில் பதியும் முறை பரவியது. பிலிமிலிருந்து தகடு, தகட்டிலிருந்து ரப்பர் உருளை, அதிலிருந்து காகிதம். இதுவே ஆப்செட் அச்சு. ஈயத்தை நம்பிய நெபியோலோ வார்ப்படச் சாலையும் மூடப்பட்டது.

பிலிம் யுகத்தில் இந்தியாவின் பங்கு நீலகிரியில் இருந்தது. மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-ல் ஊட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது. வெள்ளி உப்பு கலந்த பூச்சை இருட்டில் தடவ வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் பிலிம் கெட்டுவிடும். அதற்குக் குளிர்ந்த, தூசியில்லாத மலைக்காற்று உதவியது. சினிமா, எக்ஸ்ரே பிலிம்களோடு அச்சுத்தொழிலுக்கான பிலிமும் 'இந்து' என்ற பெயரில் வந்தது. இந்து என்றால் நிலா.

அதன் காலமும் முடிந்தது. வண்ணப் படம் வந்தபோது கருப்பு வெள்ளைக்குத் தேவை குறைந்தது. பிறகு டிஜிட்டல் வந்தது. எழுத்தைத் தகட்டில் ஏற்றப் பிலிமே வேண்டாம் என்ற நிலை வந்தது. கடன் பெருகி ஆலை நலிந்தது. 2014-ல் மத்திய அமைச்சரவை எஞ்சிய தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. தேயிலையையும் சுற்றுலாவையும் விட்டால் பெரிய வேலைவாய்ப்பு அதிகமில்லாத மலை மாவட்டத்தில், பல குடும்பங்களை வாழவைத்த ஆலை அது.

எழுத்துருவோ அழியவில்லை. ஈயத்திலிருந்து பிலிமுக்கும், பிலிமிலிருந்து கணினிக்கும் தாவிவிட்டது. ஒரு வடிவத்தைப் புதிய கருவிக்கு மாற்றுவது எளிது. ஒரு தொழிலையும் அதைக் கற்ற கைகளையும் மாற்றுவது அப்படியல்ல. அதற்குக் காலமும் முதலீடும் முன்யோசனையும் வேண்டும். ஊட்டியில் ஆலை நின்ற பகுதிக்கு இந்து நகர் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.