முதலில் நாடு கடத்தல், பிறகு அப்பீல்!

அகதி மனுவை அரசு நிராகரித்தால் கோர்ட் இருக்கிறதே என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கோர்ட் எதை விசாரிக்கும்? 1987ல் இங்கிலாந்தில் தஞ்சம் கேட்ட சில இலங்கைத் தமிழர்களின் வழக்கைப் பார்த்தால் இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் 33வது பிரிவுதான் உயிர்நாடி. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஓர் அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது அது. பிரிட்டனும் இதில் கையெழுத்திட்ட நாடுதான். ஆனால் ஆபத்து இருக்கிறதா என்று முடிவு செய்வது யார்? அன்றைய நிலையில், உள்துறை அமைச்சர்!

அவர் இந்தத் தமிழர்களின் மனுக்களை நிராகரித்தார். வழக்கு மேலே போனது. மனுதாரர் மனதில் உண்மையான பயம் இருந்தாலே பெரும்பாலும் போதும் என்ற போக்கில் அப்பீல் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1987 டிசம்பர் 16ல் பிரபுக்கள் சபை அதை மாற்றியது. பயம் மட்டும் போதாது, துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு வாய்ப்பு உண்மையிலேயே இருக்க வேண்டும் என்றது. 1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது வடக்கில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அமைச்சரின் முடிவை எதிர்த்து நடந்தது நீதிமன்ற மறுஆய்வு. அதில் நீதிபதி, "இந்த மனிதருக்கு ஊரில் ஆபத்தா?" என்று தானே முடிவு செய்வதில்லை. அமைச்சர் சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, அவர் முடிவு நியாயத்துக்கு உட்பட்டதா என்று மட்டுமே பார்ப்பார். உயிர் சம்பந்தப்பட்ட வழக்குகளில் மிகுந்த அக்கறையோடு பார்க்க வேண்டும் என்று அதே 1987ல், உகாண்டாக்காரர் ஒருவரின் வழக்கில், பிரபுக்கள் சபையே சொல்லியிருந்தது. ஆனாலும் கேள்வி மாறவில்லை.

உண்மைகளை முழுசாக விசாரிக்கும் அப்பீல் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. ஆனால் 1971 குடியேற்றச் சட்டப்படி, விசா இல்லாமல் வந்து நுழைவு மறுக்கப்பட்டவர்கள் நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் அதைக் கேட்க முடியும். அதாவது எந்த ஊருக்குப் போக பயமோ, அந்த ஊரில் இருந்துகொண்டே!

அப்படியும் ஐந்து பேர் அப்பீல் செய்தார்கள். 1989 மார்ச்சில் தீர்ப்பாளர் அவர்கள் பக்கமே முடிவு சொன்னார். அக்டோபரில் லண்டன் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் தாங்கள் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர்களில் மூவர் கூறினார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991 அக்டோபர் 30ல் பிரிட்டன் பக்கமே தீர்ப்பளித்தது. அனுப்பியது சித்திரவதைத் தடையை மீறவில்லை என்று 8க்கு 1. மறுஆய்வே போதுமான தீர்வு என்று 7க்கு 2. வழக்கின் தகுதியைப் பார்த்து முடிவெடுக்க அதிகாரமே இல்லாத வழியைப் பயனுள்ள தீர்வு என்று எப்படிச் சொல்வது என்பது மாறுபட்ட இருவரின் வாதம். எண்ணிக்கையில் தோற்றாலும் அந்த இருவர் சொன்னதுதான் சரி.

1993ல் பிரிட்டன் சட்டத்தை மாற்றியது. தஞ்சம் மறுக்கப்பட்டவர் நாட்டுக்குள் இருந்தபடியே அப்பீல் செய்யும் உரிமை வந்தது. ஆனால் 2002ஆம் ஆண்டுச் சட்டம், "தெளிவாகவே ஆதாரமற்றது" என்று அரசு முத்திரை குத்திய மனுக்களுக்கு மீண்டும் விமானத்தை முதலிலும் அப்பீலைப் பிறகும் வைத்தது. அந்த முத்திரையை எதிர்க்க அவர்களுக்கு மிஞ்சியது பழைய மறுஆய்வுதான்.