புல்வெளி ஊர்களின் வார ஏடுகள்

1938ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் புலிட்சர் பரிசுக் குழுவினர், வழக்கத்துக்கு மாறாகத் தம் நாட்டெல்லைக்கு அப்பால், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தை நோக்கித் தம் பார்வையைத் திருப்பினர். பத்திரிகைச் சுதந்திரத்தைக் காத்தமைக்காக எட்மன்டன் ஜர்னல் என்னும் நாளேட்டிற்கு வெண்கலப் பட்டயம் ஒன்று வழங்கப்பெற்றது. அதனுடன் தோளோடு தோள் நின்ற வேறு ஐந்து நாளேடுகளுக்கும், ஏறத்தாழத் தொண்ணூறு வார ஏடுகளுக்கும் சான்றிதழ்கள் அளிக்கப்பெற்றன. வரலாறு எழுதுவோர் பலர் எட்மன்டன் ஜர்னலின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். அந்தத் தொண்ணூறு ஏடுகளும் நாட்டுப்புறத்துச் சிற்றூர்களில், கோதுமை வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே அச்சேறியவை. அவை ஒரு சட்டத்தை எதிர்த்து நின்றன என்பதைவிட, தம் வாசகரில் பெரும்பாலோர் வாக்களித்துக் கொண்டுவந்த ஆட்சியின் சட்டத்தை எதிர்த்து நின்றன என்பதே ஆழ்ந்து நோக்கத் தக்கது.

அந்நாளைய வார ஏடு எத்தகையது? பெரும்பாலும் ஒரே மனிதர்தாம் உரிமையாளரும் ஆசிரியரும் அச்சகத்தாரும். எழுத்துக் கோப்பவர் ஒருவர் உடனிருப்பார். மடித்து அஞ்சலில் சேர்க்க வீட்டார் வருவர். ஏல அறிவிப்பும் திருமண அழைப்பும் அச்சிட்டுக் கிடைத்த வருவாயே ஏட்டைத் தாங்கியது. பக்கங்களில் காணக்கிடப்பவை ஒரு வாரத்து ஊர் வாழ்க்கை: யார் வீட்டுக்கு யார் விருந்தினராய் வந்தார், தேவாலய மாதர் நடத்திய தேநீர் விருந்தில் எவ்வளவு திரண்டது, பனிச்சறுக்கு ஹாக்கியில் அடுத்த ஊரார் தோற்ற கதை, தொலைந்த குதிரை, பெய்யாத மழை, தானியக் கிடங்கின் அன்றைய விலை. சுற்றுப்புறத்துப் பள்ளி வட்டாரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குடியானவரின் மனைவியோ ஆசிரியையோ எழுதியனுப்பும் குறிப்புகளே அவ்வேட்டின் உயிர். ஆசிரியவுரை இவற்றின் அருகில்தான் இடம் பெறும். அதனை எழுதியவரை மறுநாட் காலையில் அஞ்சலகத்து வாயிலில் நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். பெருநகர் நாளேட்டு ஆசிரியருக்கு இச்சங்கடம் இல்லை.

ஆகவே, வார ஏடுகள் பொதுவாகக் கட்சிப் பூசலை ஒதுக்கியே வந்தன. வணிகர் சினந்தால் விளம்பரம் போகும். குடியானவர் சினந்தால் சந்தா போகும். சாலை வேண்டும், மருத்துவமனை வேண்டும், ஊர் வளரவேண்டும் என்பவையே அவற்றின் அரசியல். கால்கரிக்குத் தெற்கே, ஹைவுட் ஆற்றங்கரையில் அமைந்த ஹை ரிவர் என்னும் சிற்றூரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. பாப் எட்வர்ட்ஸ் என்னும் அங்கதக்காரர் 1902 இல் இவ்வூரில்தான் ‘ஐ ஓப்பனர்’ ஏட்டைத் தொடங்கினார். அவருடைய நாவின் கூர்மையைத் தாங்க இவ்வளவு சிறிய ஊர் போதாது. 1904 இல் அவ்வேடு கால்கரியில் குடியேறிற்று. அடுத்த ஆண்டு சார்ல்ஸ் கிளார்க் தொடங்கிய ‘ஹை ரிவர் டைம்ஸ்’ ஊரோடு ஒட்டி நடந்து நிலைத்தது.

இந்த அமைதியைக் குலைத்தது 1930களின் வறுமை. கோதுமை விலை புஷல் ஒன்றுக்கு அரை டாலருக்கும் கீழே இறங்கிற்று. பல வட்டாரங்களில் வறட்சி, எங்கும் கடன். வங்கிகளோ கிழக்கு மாகாணங்களில் இருந்துகொண்டு வட்டி கேட்டன. ஏட்டுச் சந்தாவிற்குக் காசின்றிக் கோழியும் விறகும் கொடுத்த காலம் அது. அவ்வேளையில் கால்கரியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் ஏபர்ஹார்ட், ஞாயிறுதோறும் வானொலியில் வேதாகமம் போதித்து வந்தவர், ஆங்கிலப் பொறியாளர் டக்ளஸின் ‘சமூகக் கடன்’ கோட்பாட்டைத் தம் போதனையோடு கலந்தார். வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் பங்கீடு என்பது அவர் தந்த நம்பிக்கை. ஏடுகள் பலவும் இதனை எள்ளின. 1935 ஆகஸ்ட் 22 அன்று நடந்த தேர்தலில் அவருடைய இயக்கம் 63 இடங்களில் 56ஐக் கைப்பற்றிற்று. பதினான்கு ஆண்டுகள் ஆண்ட உழவர் கட்சிக்கு ஓரிடமும் மிஞ்சவில்லை.

தாளைவிட வானொலி வலிது என்பதை ஏடுகள் அன்று கற்றன. இவ்விடத்து ஒன்றை மறைப்பது முறையன்று. ஏபர்ஹார்ட்டின் தொண்டர்கள் ஏடுகள்மேல் சாட்டிய குற்றம் முற்றும் பொய்யன்று. கடைத்தெருவின் விளம்பரத்தில் வாழும் ஏடு கடன்பட்டவன் பக்கம் எத்துணைத் தூரம் வரும்? வயலில் நின்றவனுக்கு அவ்வேடுகள் வணிகரின் குரலாகவே கேட்டன.

புதிய ஆட்சி 1936 இல் ‘செழிப்புச் சான்றிதழ்’ என்னும் ஒரு டாலர்ச் சீட்டுகளை வெளியிட்டது. சீட்டின் மதிப்பு நிலைக்க, புதன்கிழமைதோறும் அதன் பின்புறம் ஒரு சென்ட் முத்திரைத் தலை ஒன்றை ஒட்டவேண்டும். செவ்வாய் மாலையில் சீட்டு எவர் கையில் இருக்கிறதோ அவர் அதனைத் தள்ளிவிடத் துடிப்பார்! கடைக்காரர் பலர் வாங்க மறுத்தனர். அடுத்த ஆண்டிலேயே அத்திட்டம் மடிந்தது. 25 டாலரும் வரவில்லை.

ஹை ரிவருக்கு இதில் தனித்தொரு தொடர்புண்டு. பொதுத்தேர்தலில் தாம் போட்டியிடாத ஏபர்ஹார்ட், முதல்வரான பின் ஒகோடக்ஸ்–ஹை ரிவர் தொகுதியிலிருந்தே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினரை வாக்காளரே திரும்ப அழைத்துக்கொள்ளும் சட்டமொன்றை 1936 இல் இயற்றியதும் அவருடைய அரசே. வாக்காளரில் மூன்றில் இரு பங்கினர் ஒப்பமிட்டால் உறுப்பினர் பதவி இழப்பார். அச்சட்டத்தை 1937 இல் அவர் தொகுதியினரே அவர்மேல் ஏவினர். அண்டை அயலார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் ஒப்பமிடுவது மறைவாக வாக்களிப்பது போன்றதன்று. இட்டவர் யார், மறுத்தவர் யார் என்பது ஊரறிந்த செய்தி. ஒப்பங்கள் போதிய அளவு சேர்ந்தபோது, அரசு அச்சட்டத்தையே முன்தேதியிட்டு நீக்கிற்று. அத்தொகுதியின் டர்னர் பள்ளத்தாக்கு எண்ணெய் நிறுவனங்கள் தம் தொழிலாளரை மிரட்டி ஒப்பம் வாங்கின என்பது அரசுத் தரப்பின் விளக்கம். அதில் உண்மை ஓரளவு இருந்திருப்பினும், தான் வகுத்த விதியைத் தனக்கே வந்தபோது அழித்தமை நாணத்தக்க செயலே.

அதே கூட்டத்தொடரில்தான் ‘துல்லியச் செய்தி மற்றும் தகவல் சட்டம்’ நிறைவேறிற்று. பெயர் அழகியது. சமூகக் கடன் வாரியத் தலைவர் அனுப்பும் விளக்கத்தை ஏடு தன் பக்கங்களில் வெளியிட்டாக வேண்டும். செய்தி தந்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் கேட்டால் தெரிவித்தாக வேண்டும். மீறினால் அபராதம், ஏட்டிற்கே தடை. நாளேடு ஒன்றுக்கு இது தொல்லை. நாலைந்து பக்கமே கொண்ட வார ஏட்டிற்கோ, அரசின் ஒரு நீண்ட அறிக்கை ஊரின் ஒரு வாரத்தையே விழுங்கிவிடும். மேலும், ஹை ரிவர் போன்ற ஊரில் செய்தி தந்தவர் பெயரைச் சொல் என்றால், அதன் பொருள் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடு என்பதே. பூசலுக்கு அஞ்சி வாழ்ந்த வார ஏடுகள் இவ்வொரு செய்தியில் அஞ்சாது நின்றமைக்கு இதுவே காரணம் எனலாம். ஹை ரிவர் டைம்ஸில் துணையாசிரியராக இருந்த ஹியூகினா மக்கார்கடேல் என்னும் பெண்மணியின் எழுதுகோல் இக்காலத்து அரசுக்கு எதிராக நின்றது.

மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் போவன், இச்சட்டத்துக்கும் வங்கிகள் பற்றிய வேறிரு சட்டங்களுக்கும் 1937 அக்டோபரில் ஒப்புதல் தராது நிறுத்திவைத்தார். வழக்கு கனடாவின் உச்சநீதிமன்றத்தை அடைந்தது. 1938 மார்ச்சில் மூன்றும் மாகாணத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அன்று கனடாவில் எழுத்துவடிவ உரிமைச் சாசனம் ஏதுமில்லை. தலைமை நீதிபதி லைமன் டஃப், 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையைப் பற்றிக்கொண்டார். நாடாளுமன்ற ஆட்சி என்பதே மக்கள் தடையின்றி விவாதிப்பதனால் இயங்குவது, அவ்விவாதத்தை முடக்க மாகாணத்திற்கு உரிமையில்லை என்பது அவர் கண்ட நெறி. பிற்காலச் சட்ட அறிஞர் பலர் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டி வாதிட்டுள்ளனர். அவ்வாண்டு மே மாதத்தில் புலிட்சர் சான்றிதழ்கள் அறிவிக்கப்பெற்றன.

வாசகர் மனம் சான்றிதழால் மாறிவிடவில்லை. 1940 தேர்தலில் ஏபர்ஹார்ட் ஹை ரிவரை விட்டுக் கால்கரியில் நின்று வென்றார். இடங்கள் குறைந்தும் அவருடைய கட்சியே மீண்டும் ஆட்சி அமைத்தது. அவர் 1943 இல் மறைந்தார். கட்சியின் ஆட்சி 1971 வரை நீடித்தது. அவ்வளவு காலமும் வார ஏடு வாரந்தோறும் வெளிவந்தது. எதிரணிக்கு வாக்களித்த குடியானவரும் பிறப்பு, இறப்பு, தானிய விலை அறிய அதனையே வாங்கினார். சார்ல்ஸ் கிளார்க்கின் பேரன் ஜோ கிளார்க் 1979 இல் கனடாவின் பிரதமரானார். 1940களில் ஹை ரிவரில் வந்து குடியேறிய நாவலாசிரியர் டபிள்யூ. ஓ. மிச்சல், வானொலிக்கென ‘ஜேக் அண்ட் த கிட்’ கதைகளைப் படைத்தபோது, குரோகஸ் என்றொரு கற்பனைப் புல்வெளியூரைச் சமைத்தார். அவ்வூருக்கும் மறவாமல் ஒரு வார ஏட்டை வைத்தார்.