இருநூறு ஈமத்தூண்கள்: பெயரும் ஒப்புதலும் உரிமையே

1988இல் ஆஸ்திரேலிய அரசு, வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. அதே ஆண்டு, ஆர்னெம் லேண்டின் ராமிங்கினிங் பகுதியைச் சார்ந்த 43 பூர்வகுடிக் கலைஞர்கள் 200 ஈமத்தூண்களைத் தீட்டி முடித்தனர். ஆக்கிரமிப்பின் ஓராண்டுக்கு ஒரு தூண். கறையான் அரித்து உள்ளீடற்றுப்போன இத்தகைய மரத்தண்டுகளில் இறந்தோரின் எலும்புகளை வைப்பது அவர்தம் மரபு. நிலங்காக்கப் போராடி மடிந்தோருக்கான இந்த ‘அபாரிஜினல் மெமோரியல்’ இன்று கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் நிற்கிறது.

இதன் கருத்துருவை அளித்தவர், பண்ட்ஜலங் பூர்வகுடியினரான காப்பாட்சியர் ஜான் மண்டைன். அப்போது அவர் ராமிங்கினிங்கில் கலை ஆலோசகராக இருந்தார். மக்களைக் காட்சிப்பொருளாக்காமல், அவர்களே தம் வரலாற்றைச் சாட்சியமாக முன்வைக்க வழிசெய்தார்.

இக்கலைஞர்களுள் ஒருவர் டேவிட் மலாங்கி. 1966இல் வெளியான ஒரு டாலர் தாளில் அவரது ஓவியம் அவரறியாமலேயே அச்சிடப்பட்டது. ரிசர்வ் வங்கி அவருக்கு ஈடு வழங்கியது அதன் பின்னரே.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான தொலைவே நாம் கவனிக்க வேண்டியது. ஒடுக்கப்பட்டோரின் கலையைப் போற்றுவது மட்டும் நீதியாகாது. படைத்தவர் பெயர், முன்ஒப்புதல், உரிய ஊதியம், முடிவெடுக்கும் இடம் ஆகிய நான்கையும் எந்த அருங்காட்சியகத்திடமும் உரிமையாகவே கோருவோம்.