அச்சு வார்த்த மறுமலர்ச்சி

மங்கலம்பேட்டையைக் கடந்து விருத்தாசலம் சென்று, அங்குள்ள பீங்கான் கூடமொன்றில் நுழைந்து ‘அச்சு எங்கே?’ என்று கேட்டால், தாளையும் மையையும் காட்டமாட்டார்கள். இரு பாதியாகப் பிரியும் பாரிஸ் சாந்து அச்சைக் காட்டுவார்கள். களிமண் குழம்பை அதிலே ஊற்றி, சாந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு பிரித்தெடுத்தால் பொம்மை. மீண்டும் ஊற்றினால் மீண்டும் ஒரு பொம்மை. நூலைப் பெருக்கும் கருவி வந்தபோது, அதற்கும் இதே பெயரைத் தமிழர் சூட்டினர். சாலப் பொருத்தம்! களிமண்ணிலேயே எழுத்துச் செய்து, சுட்டு, அச்சடித்தவரும் உண்டு: சீனத்துப் பி ஷெங், 1040-களில்.

ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றதும் பிளாரன்சையும் ரோமாபுரியையும் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால், அந்த ஒளி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே சென்றது எவ்வாறு?

1417-இல், போஜியோ என்னும் இத்தாலியர், ஜெர்மானிய மடமொன்றிலே, உறங்கிக்கிடந்த சுவடியொன்றைக் கண்டெடுத்தார். உலகம் அணுக்களால் ஆனது, இயற்கையை நடத்தத் தேவர்கள் குறுக்கிடுவதில்லை என்று பாடிய லுக்ரீஷியசின் நூல் அது! ஏடு இருந்தது வடக்கே. அதன் அருமை அறிந்தவர் வந்ததோ தெற்கேயிருந்து. பூட்டி வைத்தவன் காவலன்தான், கற்றவனாகிவிடமாட்டான்.

பிறகு மைன்ஸ் நகரிலே கூட்டன்பர்க் ஈய எழுத்தை வார்த்தார். 1455 அளவில் அவருடைய விவிலியம் வெளிவந்தது. 1462-இல் அந்நகரைப் படை சூறையாடிற்று. அச்சுத் தொழிலாளர் சிதறினர். சிதறியவர் சென்ற ஊர்தோறும் அச்சகம் முளைத்தது. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்திலே அச்சகம் நாட்டினார். நூரம்பர்க் ஓவியர் டியூரர் இருமுறை வெனிஸ் சென்று, அங்குக் கற்ற அளவிலக்கணத்தை 1525-இல் நூலாக்கினார். இலத்தீனில் அன்று, தம் மக்கள் பேசிய ஜெர்மானிய மொழியில்! அவருடைய மரச்செதுக்குப் படங்களோ, அரண்மனைச் சுவரைவிட்டு இறங்கி, சந்தையிலே விலைபோயின. வடக்கு வெறும் மாணாக்கனாகவும் இருந்துவிடவில்லை. நெய்வண்ணம் தீட்டும் நுட்பத்தை வான் ஐக் போன்ற நெதர்லாந்து ஓவியரிடமிருந்தே இத்தாலியர் கற்றனர்.

1516-இல் எராஸ்மஸ், பல சுவடிகளை ஒப்புநோக்கி, கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பாசல் நகரிலே பதிப்பித்தார். வேதம் என்று வணங்கப்பட்டதிலும் பாடபேதம் உண்டு, பிழை உண்டு, ஆராய்தல் வேண்டும் என்பதை அப்பதிப்பு நாடறியச் செய்தது. ஆறாண்டுகளில் லூதர் அதைப் பாமரர் மொழியில் தந்தார். ஆயினும் அச்சு அறிவை மட்டுமே வார்த்தது என்று எண்ணிவிடாதீர்! கூட்டன்பர்க் காலத்திலேயே பாவமன்னிப்புச் சீட்டுகளும் அச்சாயின. சூனியக்காரிகளை வேட்டையாட வழிகாட்டும் நூலும் 1480-களில் அச்சாயிற்று. அச்சுக்குக் கண் ஏது? ஊற்றியதைத்தான் அது வார்க்கும்.

அந்தக் கருவி நம் கரைக்கும் வந்தது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலே அச்சேறியது. பின்னர், டேனியர் ஆண்ட தரங்கம்பாடிக்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே பொறையாற்றிலே சிறிய எழுத்து வார்த்தனர். 1715-இல் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. வட ஐரோப்பாவை எழுப்பிய அதே பொறி, தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. எனினும் தமிழனுடைய பழஞ்செல்வம்? திருக்குறள் அச்சேற 1812 வரை காத்திருந்தது. அச்சகங்களுக்குக் கும்பினி ஆட்சியில் இருந்த உரிமக் கட்டுப்பாடுகளை 1835-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன்பின் உள்நாட்டார் அச்சகங்கள் பெருகின. பஞ்சாங்கமும் பெருகிற்று, சொல்லவா வேண்டும்!

சங்க நூல்களோ செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. பழுதுற்ற ஏட்டை ஆடிப்பெருக்கிலே ஆற்றில் விட்டவர்களும் இருந்தனர். 1880-இல் குடந்தையிலே நிகழ்ந்ததைக் கேளுங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, கல்லூரித் தமிழாசிரியராகவும் அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், முன்சீப்பு சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். இல்லை! தமிழின் பெருங்காப்பியம் தமிழாசிரியருக்கே எட்டாமல் கிடந்த நாள் அது. குறை சாமிநாதையருடையதன்று, எதைக் கற்பிப்பது, எதை ஒதுக்குவது என்று வகுத்திருந்த மரபினுடையது. சைவச் சூழலில் வளர்ந்தவர், சமண இல்லங்களை நாடிச் சென்று பொருள் கேட்டார், பிரதிகளை ஒப்புநோக்கினார், 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே ஆண்டில், யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வந்தது. எராஸ்மஸ் பாசலிலே செய்த வேலைதான். ஆனால் இவர்களுக்கு எதிரே நின்ற எதிரி கறையான்.

பிறகு வேகம்தான். 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. ஏடு வைத்திருந்த சில வீடுகளிலும் மடங்களிலும் அடைபட்டிருந்த தமிழ், விலை கொடுத்தால் எவரும் வாங்கத்தக்க பொருளாயிற்று. சாதி கேட்டு ஏட்டை அவிழ்த்தவனால், கடையிலே விற்கும் நூலைக் கட்டிவைக்க முடியவில்லை.

அந்தப் புறநானூற்றிலே ஒரு பெண் வருகிறாள். துணைவனை வழியிலே பறிகொடுத்தவள். அரசனிடம் போகவில்லை, ஆண்டவனிடமும் முறையிடவில்லை. ஊர்க் குயவனிடம் செல்கிறாள். அவரைப் புதைக்க வனையும் தாழியை, எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து தா என்கிறாள். எத்தனையோ நூற்றாண்டு ஓலையிலே ஒடுங்கிக் கிடந்த அவள் குரலை, விருத்தாசலத்துச் சூளையிலே மண் பிசைகிறவரின் மகள் இன்று பள்ளி நூலகத்திலே எடுத்துப் படிக்கலாம்.