ஆர்டர் சீராக இருந்தாலும் வேலை பறிபோகுமா? பிசினஸில் 'சிஸ்டம்ஸ் திங்கிங்' ஏன் முக்கியம்? முழு விளக்கம்

ஒரு சமயம் மூன்று, நான்கு ஷிப்ட் போட்டு வேலை நடக்கும். சில வருஷம் கழித்து அதே ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். 1950களில் அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் இயங்கிய ஜெனரல் எலக்ட்ரிக் வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் இதுதான் நிலைமை.

பொருளாதாரத்தில் ஏற்ற இறக்கம் இருந்தால் இப்படி நடப்பது சகஜம் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் அந்த விளக்கம் முழுசாகப் பொருந்தவில்லை. நிர்வாகிகளுக்கே குழப்பம்.

விடை எங்கே கிடைத்தது?

எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துவந்த ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர், 1956-ல் அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் நிர்வாகிகளிடம் அவர் கேட்டது எளிமையான கேள்விதான். ஆள் எடுப்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்? சரக்கு இருப்பை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அவர்கள் சொன்ன விதிகளை வைத்து, ஒரு நோட்டில் கட்டம் போட்டார். இந்த வாரம் இருப்பு இவ்வளவு, ஆட்கள் இவ்வளவு, ஆர்டர் இவ்வளவு என்றால் அடுத்த வாரம் எத்தனை பேரை எடுப்பார்கள்? இப்படியே பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

இங்கேதான் ட்விஸ்ட். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும், அந்த விதிகளின்படி நடந்தால் ஆட்கள் எண்ணிக்கை ஏறி இறங்கும் என்று கணக்கு காட்டியது. அதாவது, பிரச்சனையின் பெரும் பங்கு கம்பெனிக்கு உள்ளேயே இருந்தது. இதை விரிவாக்கி 1961-ல் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' என்ற நூலை அவர் வெளியிட்டார்.

சரி, சிஸ்டம்ஸ் திங்கிங் என்றால் என்ன?

ஒவ்வொரு துறையையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒன்று இன்னொன்றை எப்படி இழுக்கிறது என்று சேர்த்துப் பார்ப்பது. அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

* இருப்பும் ஓட்டமும்: தொட்டியில் உள்ள தண்ணீர் இருப்பு. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஓட்டம். கிடங்குச் சரக்கு, ஊழியர் எண்ணிக்கை, பாக்கி ஆர்டர் எல்லாமே தொட்டிகள்தான்.

* பின்னூட்டம்: நாம் எடுக்கும் முடிவு சுற்றி வந்து நம்மையே பாதிப்பது.

* தாமதம்: ஹீட்டர் போட்ட குளியலறையில் சுடுதண்ணி வரவில்லை என்று குழாயை மேலும் மேலும் திருகினால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். பிசினஸிலும் அதே கதைதான்.

பீர் கேம் தெரியுமா?

இதைப் புரியவைக்க எம்ஐடியில் உருவான விளையாட்டு 'பீர் கேம்'. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நாலு பேர். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். சரக்கு வர சில வாரம் ஆகும்.

வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் தலா 4 பெட்டி வாங்குவார். 5-வது வாரம் அது 8 பெட்டி ஆகும். அதன் பிறகு கடைசி வரை 8 பெட்டிதான். மாற்றம் இந்த ஒன்று மட்டுமே.

ஆனால் நடப்பது வேறு. உதாரணத்துக்கு, கடைக்காரர் இருப்பு குறைகிறதே என்று பயந்து 12 பெட்டி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி அதை நிஜத் தேவை என்று நினைத்து 18 கேட்பார். சரக்கு வரத் தாமதமானதும் எல்லோரும் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். ஏற்கெனவே ஆர்டர் போட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. கடைசியில் எல்லாம் மொத்தமாக வந்து குவியும். அப்புறம் பல வாரத்துக்கு ஆர்டரே இருக்காது.

ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் எவ்வளவு வாங்கியிருப்பார் என்று வரையச் சொன்னால், பெரும்பாலானோர் ஏறி இறங்கும் அலையைத்தான் வரைவார்கள்.

நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. குழந்தைகள் டயபர் பயன்படுத்தும் அளவு திடீரென ஏறி இறங்காது. கடைகளில் பாம்பர்ஸ் விற்பனையும் ஓரளவு சீராகவே இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்கள் போட்ட ஆர்டரில் ஏற்ற இறக்கம் அதிகம். மூலப்பொருள் தருவோருக்கு ப்ராக்டர் அண்ட் கேம்பிள் போட்ட ஆர்டரில் அது இன்னும் அதிகம். சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி பெரிதாகச் சுழலும் அல்லவா? அதனால் இதற்கு 'புல்விப் எஃபெக்ட்', அதாவது சாட்டை விளைவு என்று பெயர்.

1997-ல் ஹாவ் லீ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு நான்கு காரணங்களைப் பட்டியலிட்டார்கள். ஆர்டரையே தேவை என்று நம்பிக் கணிப்பது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடி விலை மாற்றங்கள், தட்டுப்பாட்டின்போது தேவைக்கு மேல் கேட்டு வைப்பது. சமீபத்திய உதாரணமும் உண்டு. கொரோனா காலத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 2022 ஜூனில் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் குவிந்த சரக்கைத் தள்ளுபடியில் தள்ளி, சில ஆர்டர்களையும் ரத்து செய்வதாக அறிவித்தது.

பிசினஸ் அனலிஸ்ட் என்ன செய்ய வேண்டும்?

* இந்த மாத எண்ணை மட்டும் பார்க்காமல், சில வருட வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அலை திரும்பத் திரும்ப வந்தால் காரணம் உள்ளே இருக்கலாம்.

* முடிவுக்கும் விளைவுக்கும் இடையே எத்தனை வாரம் என்று குறிக்க வேண்டும்.

* ஒவ்வொரு துறைக்கும் எதற்காகப் பாராட்டு, போனஸ் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். விற்பனைத் துறையின் இலக்கே கிடங்குத் துறையின் தலைவலியாக இருக்கலாம்.

* கடைசி வாடிக்கையாளரின் உண்மையான விற்பனைக் கணக்கு எல்லோருக்கும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வால்மார்ட்டும் ப்ராக்டர் அண்ட் கேம்பிளும் 1980களின் பிற்பகுதியில் இதைத்தான் பகிர ஆரம்பித்தன.

எல்லாவற்றுக்கும் இதுவே மருந்தா?

இல்லை. போர், பெருந்தொற்று போன்ற வெளி அதிர்ச்சிகள் நிஜமானவை. வரைபடத்தில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவும் தப்பாகலாம்.

ஆனால் ஆட்குறைப்பு என்று பேச்சு வந்ததும் சந்தையையோ, ஊழியரையோ குறை சொல்வதற்கு முன்னால், ஆள் எடுக்கும் விதியையும் ஆர்டர் போடும் விதியையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கென்டகி ஆலைகளின் விஷயத்தில் அதற்குத் தேவைப்பட்டது ஒரு நோட்டும் பென்சிலும்தான்.